சங்குப்பூத் தேநீர்

வேலியோரம் படர்ந்திருக்கும் சங்குப்பூக் கொடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நீலப் பூக்களை உலர்த்தித் தேநீர் போன்ற பானம் தயாரிக்கலாம். தேயிலை சேராததால் இதில் காஃபீன் கிடையாது. பரீட்சைக்குக் கண்விழிக்க இது உதவாது!

காலையில் மலர்ந்த பூக்களைப் பறித்து, பச்சைப் புல்லிவட்டத்தை நீக்கிவிட்டு, மெல்லிய துணியில் பரப்பிக் காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். வெயில் ஏன் கூடாது? நீல நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி கடும் ஒளியிலும் வெப்பத்திலும் சிதையும்.

பலர் அவசரப்படுவது இதற்குப் பிறகுதான். உலர்ந்த இதழைக் கசக்கினால் சருகுபோல் நொறுங்க வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு, நீரைக் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. ஆகவே, பூஞ்சை பிடித்ததைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மற்றொன்று: காய்ந்தபின் பூவை இனம் காண்பது கடினம். அரளிப்பூ கொடிய நஞ்சு. எனவே பறிக்கும்போதே பெரியவர்களிடம் காட்டுங்கள். பூச்சிமருந்து தெளித்த கொடியின் பூவும் வேண்டாம்.

இனி, ஒரு குவளை வெந்நீரில் ஐந்தாறு பூக்களைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். நீர் நீலமாகும். எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால், அதன் அமிலத்தால் நீலம் ஊதாவாக மாறும். வேறொரு குவளையில் சிட்டிகை ஆப்பசோடா போட்டுப் பாருங்கள். பச்சைச் சாயல் தோன்றும். லிட்மஸ் தாள் செய்யும் வேலையையே பூவும் செய்கிறது! ஆனால், சோடா போட்ட குவளையைக் குடிக்காதீர்கள்.