ஓவியர் எமிலி கார்

கனடா நாட்டின் மேற்குக் கோடியில், பசிபிக் பெருங்கடலின் அலைகள் ஓயாது மோதும் கரையோரத்தில், வான்கூவர் தீவு அமைந்துள்ளது. மழைவளம் மிக்க அத்தீவிலும் அதன் வடக்கேயுள்ள கடற்கரையிலும் செந்தேவதாரு மரங்கள் வானளாவி நிற்கின்றன. அடர்ந்த காட்டினுள் நண்பகலிலும் கதிரொளி தரையைத் தொடுவது அரிது. அக்காடுகளின் ஓரத்தே பன்னெடுங்காலமாக வாழ்ந்து வரும் ஹைடா முதலிய பழங்குடியினர், நெடுமரங்களைச் செதுக்கித் தூண்களாக நிறுத்தும் வழக்கமுடையவர்கள். அண்டங்காக்கை, கரடி, கழுகு, திமிங்கிலம் ஆகியவை அத்தூண்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வீற்றிருக்கும். அவை வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. ஒரு குடியின் வரலாற்றையும் உரிமைகளையும் எடுத்துரைப்பவை. இக்காட்டையும் இத்தூண்களையும் தம் வாழ்நாள் முழுதும் தீட்டியவரே எமிலி கார் அம்மையார்.

அத்தீவிலுள்ள மாநிலத் தலைநகரான விக்டோரியாவில் 1871ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய வணிகர். பதினேழு வயது நிரம்புமுன் எமிலி தாயையும் தந்தையையும் இழந்தார். மூத்த தமக்கையின் கண்டிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. 1890இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் சென்று ஓவியம் பயின்றார். திரும்பி வந்தபின் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சிறுவர்க்கு ஓவியம் கற்பித்துப் பொருள் சேர்த்தார். அக்காலத்தில் ஒருமுறை யூக்ளூலெட் என்னும் பழங்குடி ஊருக்குச் சென்றார். அங்கிருந்தோர் மொழி அவருக்குத் தெரியாது. ஆகவே சிரிப்பாலும் சைகையாலுமே உரையாடினார். அம்மக்கள் அவருக்குக் ‘கிளீ விக்’ என்று பெயரிட்டனர். ‘சிரிப்பவள்’ என்பது அதன் பொருள்.

1899இல் இங்கிலாந்து சென்ற எமிலிக்கு இலண்டன் மாநகரம் பிடிக்கவில்லை. நோயுற்றுப் பதினெட்டுத் திங்கள் மருத்துவ நிலையத்தில் கிடந்தார். ஊர் திரும்பிய பின்னர், 1907இல் தமக்கை ஆலிசுடன் அலாஸ்காவுக்குப் பயணம் செய்தபோதுதான் தூண்களின் பெருமை அவர் நெஞ்சைக் கவர்ந்தது. இயன்ற அளவு அத்தூண்களை அவை நிற்கும் ஊர்களிலேயே சென்று வரைவது என்று உறுதி பூண்டார். 1910இல் பிரான்சு சென்று புதுமுறை ஓவியம் கற்றார். கண்ணிற் பட்ட நிறத்தை அப்படியே தீட்டாமல், உள்ளம் உணர்ந்ததை ஒளிமிக்க வண்ணங்களால் காட்டுவது அம்முறை. 1912இல் வடக்கே ஹைடா குவாய் தீவுகளுக்கும் ஸ்கீனா ஆற்றங்கரை ஊர்களுக்கும் சென்று, மழையிலும் கொசுக்கடியிலும் அமர்ந்து வரைந்தார்.

1913இல் ஏறத்தாழ இருநூறு படங்களை வான்கூவர் நகரில் அவர் காட்சிக்கு வைத்தார். அவற்றை மாநில அரசு வாங்கிப் பொதுமக்களுக்கென வைத்துப் போற்றும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அரசு வாங்க மறுத்தது. வண்ணங்கள் மிகையானவை, ஆராய்ச்சிக்குரிய பதிவாக இவை பயன்படா என்பது கருத்துரைத்தவரின் முடிவு. அளவு பிசகாத பதிவை நாடியவர்க்கு அவ்வாறு தோன்றியதில் வியப்பில்லை. ஆயின் ஓவியத்தை அளவுகோல் கொண்டு மட்டும் அளக்கலாமா என்று அப்போது கேட்பார் இல்லை.

பிழைப்புக்கு வழி தேடிய எமிலி, விக்டோரியாவில் கடன் வாங்கி ஒரு வாடகை விடுதி கட்டினார். முதல் உலகப்போர் மூண்டது, வாடகை வீழ்ந்தது. விடுதியின் கணப்புக்குக் கரி போடுவதும், குழாய் பழுது பார்ப்பதும், குடியிருப்போரின் குறைகளைக் கேட்பதும் அவர் வேலையாயின. ஆட்டுநாய்களை வளர்த்து விற்றார்; களிமண் கலங்கள் செய்து சுட்டார்; கந்தல் துணியால் விரிப்புகள் பின்னினார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தூரிகையை அவர் எடுத்த நாள்கள் மிகச் சில. ஊரார் அவரை விந்தையான பெண்மணி என்று நகைத்தனர். அதற்குக் காரணமும் இல்லாமற் போகவில்லை: குழந்தை வண்டியில் ஒரு குரங்கை வைத்துக் கடைவீதிக்குத் தள்ளிச் செல்வார்! தம் அறையின் நாற்காலிகளைக் கப்பிக் கயிற்றால் கூரையோடு தொங்கவிட்டிருப்பார். விரும்பிய விருந்தினர் வந்தால் மட்டுமே நாற்காலி கீழே இறங்கும்.

1927இல் ஒட்டாவா தேசிய ஓவியக் கூடத்தின் தலைவர் எரிக் பிரௌன், மேற்குக் கரைக் கலைக் கண்காட்சிக்காக எமிலியின் படங்களைக் கேட்டார். ஐம்பத்தாறு வயதை நெருங்கிய அம்மையார் புகைவண்டியேறிக் கிழக்கே சென்றார். டொரான்டோவில் ‘எழுவர் குழு’ எனப் புகழ்பெற்ற ஓவியர்களைக் கண்டார். அவருள் லாரன் ஹாரிஸ் வரைந்த படங்கள் அவரை உலுக்கின. ஹாரிஸ் அவருக்கு நெருங்கிய நண்பராயினார். தூண்களைச் சிலகாலம் விடுத்துக் காட்டையே நோக்குமாறு மடல் எழுதினார்.

அதன் பின்னரே எமிலி காரின் சிறந்த படங்கள் பிறந்தன. துணியும் வண்ணமும் விலையுயர்ந்தவை. ஆகவே எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்து மலிவான மணிலாக் காகிதத்தில் தீட்டினார். வறுமை காட்டிய இவ்வழியே அவர் தூரிகைக்கு விரைவைத் தந்தது. 1933இல் பழைய இழுவண்டி ஒன்றை வாங்கி, ‘யானை’ என்று பெயர் சூட்டி, நாய்களோடும் குரங்கோடும் காட்டில் தங்கி வரைந்தார். 1935இல் தீட்டிய படம் ஒன்றில், வெட்டுண்ட அடிக்கட்டைகளின் நடுவே ஒல்லியான நெடுமரம் ஒன்று ஒளிபொங்கும் வானில் தலைநீட்டி நிற்கிறது. விலைபோகாதென மரவெட்டிகள் விட்டுச் சென்ற மரம் அது.

ஒன்றை இங்குக் கூறல் வேண்டும். பழங்குடியினரின் கலை மறைந்தொழியும் என்றே அக்காலத்தார் பலரைப் போல எமிலியும் எண்ணினார். அம்மக்களின் பெருவிருந்து விழாவை அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுத்திருந்தது. அவ்விழாவே தூண் நாட்டும் காலம். எனினும் கலை மறையவில்லை. 1969இல் ராபர்ட் டேவிட்சன் என்னும் ஹைடா இளைஞர் செதுக்கிய தூணைத் தம் ஊர் நடுவே அம்மக்கள் கூடி நிறுத்தினர்.

1937இல் இதயநோய் கண்டபின் காடு செல்வது கடினமாயிற்று. எமிலி எழுதுகோலைக் கையில் எடுத்தார். பழங்குடி ஊர்களில் தாம் கண்டவற்றைக் கூறும் ‘கிளீ விக்’ 1941இல் வெளிவந்து, கனடாவின் உயரிய இலக்கியப் பரிசைப் பெற்றது. அதைக் கூடை முடையும் பழங்குடிப் பெண்ணாகிய தோழி சோஃபிக்குக் காணிக்கையாக்கியிருந்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் பலவற்றைப் பறிகொடுத்தவர் சோஃபி. நூல் வெளிவரும்போது அவர் உயிரோடில்லை. 1944இல் மான்ட்ரியல் நகரில் நடந்த கண்காட்சியில் எமிலியின் படங்கள் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்தன. அதற்கு மறு ஆண்டு, 1945 மார்ச்சு 2ஆம் நாள், தாம் பிறந்த விக்டோரியா நகரிலேயே அவர் காலமானார்.