நத்தையும் நம் சிறுவர்களும்

கணக்குப் புத்தகம் பார்க்க வருபவனுக்கு நத்தையைப் பற்றி என்ன பேச்சு என்று அங்கத்தினர்கள் வினவலாம். காய்கறிப் பயிருக்கு வாங்கிய கடனின் தவணைப் பணம், மழைக்காலத்தில் நத்தையின் வயிற்றுக்குள் அல்லவா போகின்றது! அதன் நடத்தையை நம் சிறுவர்கள் கண்கூடாக அறிதல் நலம்.

கண்ணாடி ஜாடியொன்றில் இரண்டங்குலம் ஈரமண் இட்டு, பப்பாளி இலையும் முட்டையோட்டுத் துண்டும் வைத்து, ஒரு நத்தையை விட்டு, வாயைத் துணியால் கட்டுக. வெறுங்கையால் தொடலாகாது, மூளையைத் தாக்கும் புழு அதனிடம் இருத்தல் கூடும். இலையாற் பிடித்து எடுத்தபின் சோப்பிட்டுக் கை கழுவுவித்தல் அவசியம்.

அது கண்ணாடியில் ஏறுங்கால், பாதத்தின் அடியில் அலைகள் பின்னிருந்து முன்னோக்கி ஓடுவதைக் காட்டுக. நீண்ட கொம்புகளின் நுனியிற் கண்கள் உள்ளன. முட்டையோட்டை அது அரித்துத் தின்பது ஏன்? விடை கூற நாம் அவசரப்படலாகாது. சுண்ணாம்பின்றி ஓடு வளராதென்பதைப் பிள்ளைகளே ஊகித்துவிடுவர்.

ஆப்பிரிக்கப் பெருநத்தை 1847-ஆம் ஆண்டில் பென்சன் என்பவரால் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணரப்பட்டது. ஒரே தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட வல்லது. பகலில் ஒளிந்து இரவில் மேய்வதை ஜாடியிற் கண்ட சிறுவர், பாத்தியோரம் ஈரச்சாக்கு விரிக்கும் காரணத்தை எளிதில் உணர்வர். விடியலில் அதனடியில் ஒதுங்கியவற்றை இடுக்கியால் எடுத்து, உப்புநீரில் இட்டுக் கொன்று, ஆழப் புதைத்தல் பெரியோர் வேலை. ஒருவர் மட்டும் செய்தால் அடுத்த வேலியிலிருந்து மறுபடியும் வந்துசேரும். ஆகையால் சங்கத்தார் அனைவரும் ஒரே வாரத்தில் இதனை நடத்துக. ஜாடியிலுள்ளதையும் தோட்டத்தில் விட்டுவிடற்க.