மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?



போன மாதம் நம் கிளையின் ஞாயிறு வகுப்பில் பாரம்பரிய மருத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மஞ்சள், துளசி, வேப்பிலை என்று ஒரு பட்டியலைப் போட்டுப் பெருமையாகப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு அப்படிப் பேச வாய் வரவில்லை. வகுப்பில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். வராதவர்களும் படிக்கட்டும்.

அம்மாவுக்கு 48 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டாம் கட்டம். முதலில் அறுவை சிகிச்சை, பிறகு எட்டு கீமோ, அதன்பின் கதிர்வீச்சு, கடைசியில் வருஷக்கணக்கில் தமோக்சிஃபென் மாத்திரை. அரசாங்க மருத்துவமனையில் இப்படித் தெளிவாகத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

விஷயம் தாமான் முழுக்கப் பரவியது. பார்க்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா பெலாலாய் காஜா இலை கொண்டுவந்தார். நம்ம ஆட்கள் அதைச் சபா பாம்புப் புல் என்பார்கள். எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி லிங்சி காளான் மாத்திரை. பெரியம்மா ஊரிலிருந்து வரவழைத்த சீந்தில் பொடி. கோயில் நண்பர் ஒருவர் டுரியான் பெலாண்டா இலையை ஒரு பை நிறைய. நேரடி விற்பனை செய்யும் உறவினர் 'ஆன்டிஆக்சிடென்ட்' மாத்திரை. எல்லாமே அன்போடு வந்தவைதான், அதில் சந்தேகமே இல்லை.

நானும் ஒன்று வாங்கினேன். புலனத்தில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, 'கீமோ விஷத்தை முறிக்கும், கல்லீரலைச் சுத்தப்படுத்தும்' என்ற ஒரு பொடி. ஒரு டப்பா 180 வெள்ளி. டப்பாவில் என்னென்ன இருக்கிறது என்றுகூட எழுதியிருக்கவில்லை. அம்மா தயங்கினார். "டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடிக்கலாமாய்யா?" என்றார். "கேட்டா திட்டுவாங்கம்மா, அவங்களுக்கு நம்ம மருந்து பிடிக்காது. மூலிகைதானே, என்ன செஞ்சிடப் போவுது" என்றேன். அம்மா அதை ஒரு பழைய மைலோ டின்னில் கொட்டி அடுப்படியில் வைத்துக்கொண்டார். தினமும் காலையில் ஒரு கரண்டி, வெந்நீரில்.

நாலு கீமோ முடிந்து ஐந்தாவதுக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறிக் கிடந்தன. ஐந்தாவதிலிருந்து மருந்து மாறுகிறது, டோசிடாக்செல். அதை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான். கல்லீரல் சரியில்லாத நேரத்தில் அதை ஏற்றினால் மருந்து உடம்பிலேயே தங்கி ஆபத்தாகிவிடும். "இன்றைக்கு முடியாது" என்றார் டாக்டர். மருத்துவமனை மருந்தாளர் ஒரு மலாய்ப் பெண். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "மக்சிக், ஆடா மாக்கான் ஜாமு?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். மாட்டிவிடக் கூடாது என்று அம்மா மகனைக் காப்பாற்றுகிறார். காப்பாற்றப்பட வேண்டியவர் யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, "இனி எல்லாவற்றையும் எழுது" என்றார். கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போனது. பொடியை நிறுத்தியதும் அளவு இறங்கியது. பொடிதான் காரணம் என்று நூறு விழுக்காடு சொல்ல முடியாது, முதல் நாலு கீமோவும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதுதான் பிரச்சினையே. நாம் மறைத்தால் அவர்கள் இருட்டில் தேடுகிறார்கள்.

அந்த மருந்தாளர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும்தான் இனி வரும் பாடம்.

தீபாவளிக்கு முதல் நாள் நெடுஞ்சாலை டோல் சாவடியை நினைத்துப் பாருங்கள். கல்லீரல் அப்படி ஒரு சாவடி. அங்கே இருக்கும் நொதிகள்தான் கவுண்டர்கள். கீமோ மருந்து, பனடோல், மூலிகை எல்லாம் அதே கவுண்டர்களைத்தான் கடக்கவேண்டும். இது இயற்கை, இது செயற்கை என்று கல்லீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு மூலிகை ஒரு கவுண்டரை அடைத்துவிட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கி விஷமாகும். கூடுதலாக ஒரு கவுண்டரைத் திறந்துவிட்டால் மருந்து வேலை செய்யும் முன்பே ஓடிப்போகும். இரண்டுமே நஷ்டம்.

நம் மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் சுலபமாகச் சேராது. அதனால்தான் மாத்திரையாக விற்பவர்கள் அதோடு மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அந்தப் பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை, கல்லீரலின் வேலையையே மாற்றுகிறது. தமோக்சிஃபென் கல்லீரலில் எண்டாக்சிஃபெனாக மாறினால்தான் நன்றாக வேலை செய்யும். 2019இல் நெதர்லாந்தில் தமோக்சிஃபென் சாப்பிடும் ஒரு சிறு குழுவினருக்குக் குர்குமினும் பைப்பரினும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் எண்டாக்சிஃபென் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. சின்ன ஆய்வுதான், உண்மை. ஆனால் ஏற்கெனவே அளவு குறைவாக உள்ள ஒரு பெண்ணுக்கு அந்த 12 விழுக்காடு சின்ன விஷயமில்லை.

பம்ளிமாஸும் அப்படியே. ஈப்போ, தம்புன் பக்கம் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள அதே வகைப் பொருள் பம்ளிமாஸிலும் இருக்கிறது, அது கல்லீரல் நொதி ஒன்றை அடைக்கும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் பால்போசிக்ளிப், ரிபோசிக்ளிப் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பம்ளிமாஸையும் கேட்டுவிட்டுத்தான் உரிக்கவேண்டும்.

சீந்தில் பொடியைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொல்ல எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. கோவிட் காலத்தில் இந்தியாவில் சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். டுரியான் பெலாண்டாவில் அன்னோனாசின் என்ற பொருள் நரம்பைப் பாதிக்கக்கூடியது. பாம்புப் புல்லைச் சோதனைக்கூடத்தில் செல்கள்மேல் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் இருக்கும் செல் வேறு, உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிடும் அம்மா வேறு.

சத்து மாத்திரைகளிலும் இதே கதைதான். கீமோ மருந்துகளில் சில, புற்று செல்லை ஆக்சிஜனேற்றத்தால்தான் தாக்குகின்றன. அதே நேரத்தில் ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரையைப் போட்டால் யாருக்குக் கேடயம் கொடுக்கிறோம்? அமெரிக்காவில் கீமோ எடுத்த 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு 2019 கடைசியில் வந்தது. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் இத்தகைய மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பி12 மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. பி12 குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் டாக்டரே கொடுப்பார். கை கால் மரத்துப்போவதற்கு நல்லது என்று அசெட்டில் கார்னிட்டின் மாத்திரை விற்கிறார்கள். 409 பெண்களிடம் முறையாகச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்கு மரப்பு கூடியதே தவிர குறையவில்லை. நல்லது செய்யும் என்று நினைத்தது கெடுதல் செய்திருக்கிறது. சோதிக்காமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அப்படியானால் எதுவுமே கூடாதா என்று வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள். அப்படி இல்லை. இஞ்சி இருக்கிறதே. 2012இல் வெளியான ஆய்வில் 576 பேருக்கு, வழக்கமான வாந்தி மாத்திரையோடு இஞ்சியையும் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் அரை கிராமிலிருந்து ஒரு கிராம்வரை எடுத்தவர்களுக்குக் கீமோ நாளின் குமட்டல் குறைந்தது. மற்ற ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை, என்றாலும் எங்கள் அம்மாவுக்கு லேசான இஞ்சித் தண்ணீர் கைகொடுத்தது. மருந்தாளரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தோம். ஏனென்றால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்திலும், அறுவை சிகிச்சைக்கு முன்பும் இஞ்சி, பூண்டு, மீன் எண்ணெய் மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். லெட்ரோசோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு எலும்பு தேயும் என்பதால் கால்சியமும் வைட்டமின் டியும் டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். சோயாவுக்குப் பயந்து தவ்வுவையும் தெம்பேயையும் ஒதுக்கியவர்கள் பலர். ஷாங்காயில் 5,042 பெண்களைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. உணவாகச் சாப்பிடலாம். செறிவூட்டிய சோயா மாத்திரைதான் வேண்டாம்.

இன்னொன்று, பச்சை இலையை அரைத்து வடிகட்டிய சாறு. கீமோவுக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது சரியாகக் கழுவாத இலையில் இருக்கும் கிருமி போதும். 38 பாகை காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும், நடுராத்திரியானாலும். எங்கள் கோயில் குருக்களிடம் இதைச் சொன்னபோது அவரே, "தீர்த்தம் வேண்டாம்பா, விபூதி மட்டும் கொண்டுபோ" என்றார். இங்கிதம் தெரிந்த மனிதர்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தில் 'எம்.ஏ.எல்' என்று தொடங்கும் எண்ணும் அதன் கடைசியில் 'டி' எழுத்தும் இருக்கும். நான் வாங்கிய டப்பாவில் அது இல்லை. அந்த எண் இருந்தாலும், பொருளின் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்தார்கள் என்றுதான் அர்த்தம், புற்றைக் குணப்படுத்தும் என்று அல்ல. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. ஆக அப்படி ஒரு விளம்பரம் உங்கள் புலனத்துக்கு வந்தால், அனுப்பியவர் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதவர் என்பதாவது தெரிந்துவிடும். பாஸ்டனில் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

அரசாங்க மருத்துவம் நம் மூலிகைக்கு எதிரி என்று நான் அம்மாவிடம் சொன்னதும் பொய்தான். 2007இல் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் திறந்தார்கள், பிறகு வேறு மருத்துவமனைகளிலும் வந்தது. புற்றுநோயாளிகளுக்குத் துணை சிகிச்சையாக மூலிகை கொடுக்கும் இடங்களும் அவற்றில் உண்டு. டாக்டருக்குத் தெரிந்து, கோப்பில் எழுதிக் கொடுக்கிறார்கள். துணை என்பதுதான் அங்கே முக்கியமான சொல். துணையை விட்டுவிட்டு மாற்றாகப் போனவர்களின் கதை வேறு. 2018இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல்.

திருக்குறளில் 95ஆவது அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அந்த நாலாவது ஆள் யாரென்று நான் யோசித்ததில்லை. அது நான்தான். நாலாவது ஆளே மருந்தை ஒளித்து வைத்தால் மற்ற மூன்று பேரும் என்ன செய்ய முடியும்?

அம்மா இப்போது தமோக்சிஃபென்னில் இருக்கிறார். காலையில் எழுந்ததும் நடக்கிறார், குழம்பில் மஞ்சள் போடுகிறார், பெரியம்மாவோடு சண்டை போடுகிறார். ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு, எப்போதிலிருந்து, யார் கொடுத்தது. ஒவ்வொரு சந்திப்புக்கும் அதைப் படம்பிடித்துக்கொண்டு போகிறேன்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வீட்டுப்பாடம் இதுதான். தொடர் மருந்து எடுக்கும் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார், தாத்தா, பாட்டி, அத்தை என்று. புற்றுநோய்தான் என்று இல்லை, இனிப்புநீராகவும் இருக்கலாம், ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம். கோபப்படாமல், போலீஸ் மாதிரி விசாரிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுப்படி அலமாரியையும் பாருங்கள். மைலோ டின் இருந்தால் திறந்து பார்த்துவிடுங்கள்.