நண்பர் தரும் துப்பாக்கி: இளையவனுக்கு ஏழு சொல்

கண்ணு, எஸ்டேட் வேலையை விட்டுக் மலையிலிருந்து கீழே இறங்கப்போகும் உன் நண்பரான பெரியவர், தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை உனக்குத் தருவதாகச் சொன்னாராமே. கேட்டு மனம் நிறைந்தது. எனக்கும் அப்படித்தான் ஒரு நண்பர் தந்தார். கை நீட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்.

1. முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. அன்பாகத் தந்தாலும் ஆயுதச் சட்டம் விலகி நிற்காது. உன் பெயரில் உரிமம் இருக்க வேண்டும். தருகிறவர் ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும். அதுவரை என் நண்பர் அதைத் தன் பீரோவை விட்டு வெளியே எடுக்கவில்லை. "ஒரு நாள் முந்தினாலும் இது பரிசு இல்லை, வழக்கு" என்பார்.

2. பெரியவரின் பிள்ளைகள் முகத்தைப் பார். பொருள் ஒருவருடையது, நினைவு குடும்பத்துடையது. என் நண்பர் தன் மகனை அழைத்து, என் எதிரிலேயே கேட்டார். அவன் சம்மதித்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது. மனத்தாங்கலோடு வரும் பரிசு வீட்டில் தங்காது.

3. துப்பாக்கியின் வயதை மதி. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது. 70 மி.மீ. தோட்டாவும் அதில் தடையில்லாமல் நுழையும், ஆபத்தே அங்குதான். சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் சுருள் சுருளாக வரி ஓடினால் அது கரிமருந்துக் காலத்து டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுகாரரிடம் காட்டாமல் ஒரு தோட்டாவும் போடாதே. நுழைவதெல்லாம் பொருந்துவதில்லை.

4. யார் கையிலிருந்து வாங்கினாலும் திறந்து பார். தானே காலி செய்து வைத்த துப்பாக்கியையும் என் நண்பர் எடுத்தவுடன் மடக்கி, இரண்டு குழல் வழியாகவும் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பார். திறந்தபடியேதான் அடுத்தவர் கையில் கொடுப்பார். "காலிதான்" என்று பெரியவரே சொன்னாலும் நீ பார். அது அவமரியாதை ஆகாது. அவர் கற்றுத் தந்த மரியாதை அதுதான்.

5. கதையை வாங்கிக்கொள், வேட்டையை வாங்காதே. கடமானும் காட்டுக்கோழியும் அவர் பேச்சில் வரும். ரசித்துக் கேள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. சுடும் ஆசை இருந்தால் ரைபிள் கிளப்பில் அட்டையைச் சுடு.

6. பராமரிப்பில் சோம்பாதே, ஒப்படைப்பதில் கூசாதே. மலைப் பனியில் விரல் பட்ட இடம்கூடத் துருப்பிடிக்கும். துடைத்து, எண்ணெய் கட்டைக்குள் இறங்காதபடி குழல்வாய் கீழே பார்க்க வை. தோட்டாவை வேறிடத்தில் பூட்டு. தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் கொடுக்கச் சொன்னால் கொடுத்து ரசீது வாங்கு. வீட்டில் ஒருவர் குடியிலோ மனக்கலக்கத்திலோ இருந்தால், யாராவது சொல்லும்வரை காத்திராதே. தெரிந்தவர் ஒருவர், மகன் மனமுடைந்து கிடந்த நாட்களில் துப்பாக்கியை ஆயுதக் கடையில் ஒப்படைத்துவிட்டார். ஊர் ஏதேதோ பேசியது. அவர் பொருட்படுத்தவில்லை.

7. கொடுக்கவும் பழகு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. சேர்த்து அடுக்கும் பேச்சுக்கு இனி இடமில்லை. உனக்குப் பின் இது யாருக்கு என்று நீயும் யோசிக்க வேண்டும். குறி பார்க்கத் தெரிந்தவன் எளிதில் கிடைப்பான். பொறுக்கத் தெரிந்தவனைத் தேடு. உன் கை நடுங்கத் தொடங்கும் முன்பே தேடு.