லிங்க்ட்இன்னில் பெயர் எடுப்பது எப்படி?

கேள்வி: பம்ப் கம்பெனியில் பத்து வருட அனுபவம் இருந்தும் லிங்க்ட்இன்னில் யாரும் கண்டுகொள்வதில்லையே? - வாசகர், கோவை

பதில்: ஒவ்வொருவரும் தன்னையே ஒரு பிராண்டாக நினைக்க வேண்டும் என்று அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் எழுதியது 1997-ல். லிங்க்ட்இன் வந்ததோ 2003-ல்தான்.

லிங்க்ட்இன்னில் அந்த பிராண்டைச் சொல்லும் இடம், பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரி. அதைத்தான் பலரும் வீணடிக்கிறார்கள். சுமார் 220 எழுத்துகளுக்கு இடம் இருந்தும் 'சீனியர் இன்ஜினியர்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி எத்தனை ஆயிரம் பேர்! 'சப்மெர்சிபிள் பம்ப் வடிவமைப்பு, மோட்டார் டெஸ்டிங், 10 ஆண்டு அனுபவம்' என்று இருந்தால், அந்தச் சொற்களைப் போட்டு ஆள் தேடும் எச்.ஆர். கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

பதிவுகளிலும் இதே கதைதான். முதல் இரண்டு மூன்று வரிகள்தான் கண்ணுக்குத் தெரியும். மீதியைப் படிக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த இடத்தில் போய் 'அனைவருக்கும் இனிய காலை வணக்கம்' எதற்கு? போர்வெல் மோட்டாரில் காயில் ஏன் எரிகிறது என்று நேராக ஆரம்பிப்பவரைத் தொழில் தெரிந்தவர்கள் நின்று படிப்பார்கள். தன்னம்பிக்கைப் பொன்மொழிகளை விட்டுவிடலாம். அங்கே ஏற்கெனவே நெரிசல்.

ஒரு எச்சரிக்கை: கம்பெனியின் டிராயிங், வாடிக்கையாளர் பெயர் எதையும் அனுமதியில்லாமல் போட்டுவிடாதீர்கள். வேலைக்கே உலை வைத்துவிடும்.