மாளிகை மரமும் மலையாலயமும்

கல்லால் ஆகிய கட்டடம் பன்னெடுங்காலம் நிற்கும்; மரத்தால் ஆயது காப்பார் இல்வழி விரைந்து அழியும். இவ்வுண்மையைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். அகநானூற்றின் 167-ஆம் பாட்டு, செங்கற் சுவரின் விட்டம் வீழ்ந்தமையாற் புறாக்களும் துறந்தகன்ற பாழ்ங்கோயில் ஒன்றைக் காட்டுகின்றது. ஏழாம் நூற்றாண்டினனாகிய முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு என்னும் நான்குமின்றித் தான் ஒரு கோயில் அமைத்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் சிறப்பித்துக் கூறுகின்றான். அவனுக்கு முன் எழுந்த கோயில்கள் இப்பொருள்களையே நம்பியிருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், முறையறிந்து பேணின் மரமும் நெடிது நிற்கும். நார்வே நாட்டில், லெயர்தால் பள்ளத்தாக்கிலுள்ள போர்குண்டு என்னும் ஊரில், 1180-81 குளிர்காலத்தில் வெட்டிய மரங்களாற் கட்டிய ஆலயம் ஒன்று இன்றும் உளது. அதன் தூண்கள் மண்ணில் நடப்படவில்லை; கல்லடித்தளத்தின்மேற் கிடத்திய மரச்சட்டங்களில் நிறுத்தப்பட்டன. ஆதலின் ஈரம் ஏறி அடிமரம் இற்றுப்போகவில்லை. வெளிப்புறத்துக்குத் தலைமுறைதோறும் தார் பூசிக் காத்தனர். மரத்தின் வாழ்நாள் அதனைப் பேணுவார் கையில் உளது என்பதற்கு இது சான்று.

நம் தமிழ்நாட்டில் முழுவதும் மரத்தாலாகிய பழைய ஆலயத்தைக் காண்டல் அரிது. ஆயினும், மரமே தன் வரலாற்றின் உயிராக அமைந்த ஆலயம் ஒன்று நீலகிரியில் உண்டு. அதுவே உதகையிலுள்ள தூய ஸ்தேவான் ஆலயம். சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் காலத்தில், 1829 ஏப்ரல் 23-இல் இதற்கு அடிக்கல் நாட்டினர். கட்டட அமைப்பை வகுத்தவர் காப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட். 1830 நவம்பர் 5-இல் கல்கத்தா அத்தியட்சர் டர்னர் இதனைப் பிரதிஷ்டை செய்தார். 1831 ஏப்ரல் 3 ஆகிய ஈஸ்டர் திருநாளில் ஆலயம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

வெளியே நின்று நோக்குவார்க்குச் சாந்து பூசிய சுவரும் கோபுரமுமே தோன்றும். உள்ளே புகுந்து அண்ணாந்து நோக்கினால், கூரையைத் தாங்கும் தேக்கு மரங்கள் காட்சி தரும். அவற்றுள் முதன்மையான உத்திரமும் பிற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொணரப்பட்டவை. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில், காடும் மலையும் கடந்து, யானைகள் அவற்றை இழுத்து வந்தன.

இச்செய்தியைச் சொல்வோர் பலரும் யானைகளை வியந்து அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். யாம் இன்னும் ஒருபடி சென்று நோக்குதல் வேண்டும். 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் அன்றே போரில் மடிந்தார். அத்தீவு கும்பினியார் வசமாயிற்று. அவருடைய மாளிகையைத் தாங்கிய மரங்கள் முப்பதாண்டுகளின் பின் தேவாலயத்தைத் தாங்கலாயின. வென்றவர் கைப்பொருளைக் கொண்டு கடவுளுக்கு வீடு சமைத்தல் தகுமா என்னும் வினா ஈண்டு எழுகின்றது.

திருமறை இதற்கு எளிய விடை தரவில்லை. எருசலேம் ஆலயத்துக்கு வேண்டிய கேதுரு மரத்தைச் சாலொமோன் போரிட்டுக் கவரவில்லை; தீரு மன்னன் ஈராமுக்குக் கோதுமையும் எண்ணெயும் ஈந்தே பெற்றான். ஆயினும் அம்மரத்தை வெட்ட முப்பதினாயிரம் பேரைத் தன் நாட்டிற் கட்டாய வேலைக்கு அமர்த்தினான். அவன் தந்தை தாவீதோ, அர்வனா களத்தை விலையின்றித் தர முன்வந்தபோதும் ஏலாது, ஐம்பது சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தான். தனக்குச் செலவில்லாததைக் கடவுளுக்குப் படைத்தல் காணிக்கையாகாது என்பது அவன் கொள்கை.

இக்கொள்கைக்கு இலக்கியமாகும் ஆலயம் எம் அண்மையிலேயே உளது. டோல்கேட்டுக்குத் தெற்கேயுள்ள இராயபுரத்துக்கு அப்பெயரைத் தந்தவர் இராயப்பர், அஃதாவது பேதுரு. அங்கே அவர் பெயரால் விளங்கும் ஆலயம் படகோட்டும் குலத்தார் தம் பொருளால் எடுப்பித்தது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே அலையோடு போராடி ஈட்டியவர்கள் அவர்கள். ஆளுநரும் அரண்மனையும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

அங்ஙனமாயின் உதகை ஆலயத்தை இகழ்தல் வேண்டுமோ எனின், அன்று. இரு நூற்றாண்டுகளாக அக்கூரையின்கீழ் எத்துணையோ பேர் கண்ணீரோடு ஜெபித்துள்ளனர், திருமணத்தில் மகிழ்ந்துள்ளனர், இறந்தாரை வழியனுப்பியுள்ளனர். அவ்வழிபாடு பொய்யாகாது. ஆயின், அவ்வுத்திரத்தைக் காட்டுவோர் அதன் இரு வரலாற்றையும் சேர்த்தே சொல்லல் வேண்டும்: வீழ்ந்த மன்னன் மாளிகையையும், யானையோடு நடந்து பெயரறியப்படாது போன பாகரையும், பின்னர் வந்த தொழுகையாளரையும். மரத்தைச் செல்லரியாமற் காத்தல் ஒரு கடமை. அதன் கதையைக் குறையாமற் காத்தல் அதனினும் பெரிய கடமை என்க.