உட்கருவைத் தேவைக்கேற்ப அமைத்தல்

நுழையும்முன்
கணினியின் வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருளுக்கும் இடையே நின்று பணியாற்றுவது இயக்க அமைப்பு. அதன் மையப்பகுதி உட்கரு. அதனைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பயனர்க்கு அளிப்பது லினக்ஸ். அவ்வுரிமையைக் கையாளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

உரிமை
பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், 1991ஆம் ஆண்டு தம் கணினிக்காக ஓர் உட்கருவை எழுதி, அதன் மூல நிரலை யாவரும் பெறுமாறு வெளியிட்டார். 1992இல் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதன்படி நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். திருத்திய வடிவத்தை வழங்குவோர் அதன் மூல நிரலையும் அளித்தல் வேண்டும்.

அமைக்கும் முறை
பொதுவாக வழங்கப்படும் உட்கரு, பலவகைக் கணினிகளிலும் இயங்கும்பொருட்டு ஏராளமான இயக்கிகளைக் கொண்டிருக்கும். ஒரு கணினிக்கு வேண்டுவன அவற்றுள் சிலவே. எனவே, தெரிவு செய்தலே முதற்படி. ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்னும் கட்டளை விருப்பங்களைப் பட்டியலிடும். ஒரு வசதியை உட்கருவிலேயே இணைக்கலாம், தேவைப்படும்போது ஏற்றும் தனிக்கூறாக வைக்கலாம், முற்றிலும் விலக்கலாம். பின்னர் ‘மேக்’ கட்டளையை இட்டால், நிரல்பெயர்ப்பி மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும். இறுதியாகத் தனிக்கூறுகளையும் புதிய உட்கருவையும் நிறுவி, தொடக்க ஏற்றியில் பதிதல் வேண்டும்.

செம்மையாக்கம்
கடிகாரக் குறுக்கீட்டை நொடிக்கு 100, 250, 300, 1000 என்னும் அளவுகளுள் ஒன்றாக அமைக்கலாம். அளவு மிகுந்தால் பயனரின் செயலுக்குக் கணினி விரைந்து மறுமொழி தரும்; ஆயினும் குறுக்கீடுகளைக் கவனிப்பதிலேயே செயலியின் நேரம் கூடுதலாகச் செலவாகும். இடையறாது கணக்கிடும் வழங்கிக்குக் குறைந்த அளவே ஏற்றது. ஆகவே, மாற்றத்திற்கு முன்னும் பின்னும் செயல்திறனை அளந்து ஒப்பிடுதல் இன்றியமையாதது.

எச்சரிக்கை
வன்தட்டுக்குரிய இயக்கி விடுபட்டால், கோப்புகளை அணுக இயலாமல் கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடும். பழைய உட்கருவை அழிக்காது வைத்திருப்பின், தொடக்கப் பட்டியலில் அதனைத் தேர்ந்து மீளலாம். உரிமம் தருவது வாய்ப்பு மட்டுமே. நிரலைப் படிக்கும் பழக்கமும் அளந்து பார்க்கும் பொறுமையும் உடையோர்க்கே அது பயனாகும்.

கற்பவை கற்றபின்
1. பள்ளிக் கணினி ஒன்றின் வன்பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்குத் தேவையான இயக்கிகளைக் குறிப்பிடுக.
2. “திருத்தும் உரிமை, பொறுப்பையும் உடன் தருகிறது” – வகுப்பில் கலந்துரையாடுக.